ஒரு செம்பு வாஷரும் ஒரு இஞ்ச் மீனும்

இன்னைக்கு எபிசோட்ல ஒரு வாஷரைப் பத்திப் பேசப்போறோம். குழாய் சொட்டுதுன்னு கூப்பிட்டா பிளம்பர் தன் பையிலிருந்து எடுப்பாரே, நடுவுல ஓட்டை இருக்கிற வட்டத் தகடு, அதேதான்.

1962-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துல, ஒரு பாலைவனக் குகையோட சுவர்ல, அந்நாட்டு அரசின் நிலவியல் ஆய்வுத் துறை செம்பால் ஆன ஒரு வாஷரைப் பொருத்தியது. குகைக்குள்ள ஒரு குளம் இருக்கு. வாஷரிலிருந்து எத்தனை அடி கீழே தண்ணீர் நிக்குதுன்னு அளந்து எழுதி வைக்கணும். அதோட வேலை அவ்வளவுதான்.

பதினாலு வருஷம் கழிச்சு அந்த வாஷர் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குள்ள வந்துடுச்சு. வழக்குல ஒரு பக்கம் 12,000 ஏக்கர் பண்ணை. இன்னொரு பக்கம், ஒரு இஞ்ச் நீளம்கூட சரியா வளராத ஒரு மீன். அந்த மீன் எப்படி ஜெயிச்சது, ஜெயிச்ச பிறகு என்ன ஆச்சு, இதுதான் இன்னைக்குக் கதை.

கில்லின்னா கொல்றது இல்ல

முதல்ல மீனைப் பார்த்துடலாம். கில்லிஃபிஷ்னு ஒரு பெரிய மீன் கூட்டம் இருக்கு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். பேரைக் கேட்டதும் இங்கிலீஷ்ல கொல்றதுக்குச் சொல்ற வார்த்தை ஞாபகம் வரும். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. டச்சு மொழியில் ‘கில்’ என்றால் ஓடை, வாய்க்கால். ஓடை மீன், அவ்வளவுதான் அர்த்தம். நம்ம ஊர் குளம் குட்டையிலயும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த சொந்தக்காரங்க உண்டு. தண்ணீரின் மேல்மட்டத்துலேயே சுத்திக்கிட்டு, நெத்தியில ஒரு வெள்ளிப் பொட்டு மின்னுற குட்டி மீனைப் பார்த்திருப்பீங்க. அதுவும் இதுல ஒண்ணு.

இந்தக் கூட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. மத்த மீன்கள் ‘இங்க எவன் இருப்பான்’னு விட்டுட்டுப் போற இடத்துல இதுங்க குடியேறிடும். ஆப்பிரிக்காவில் மழைக்காலத்துல மட்டும் தேங்குற குட்டைகள்ல வாழுற வகைகள் இருக்கு. குட்டை வத்தினா மீன் செத்துடும், முட்டை மட்டும் காய்ஞ்ச சேத்துக்குள்ள காத்திருக்கும், அடுத்த மழைக்குப் பொரியும். அமெரிக்கப் பாலைவனங்கள்ல இருக்கிற வகைக்கு ‘பப்ஃபிஷ்’னு பேர். ஒண்ணையொண்ணு துரத்தி ஓடுறதைப் பார்த்தா நாய்க்குட்டிகள் விளையாடுற மாதிரி இருக்கும், அதனால வந்த பேர்.

அதுல ஒரு இனம் உலகத்துலேயே ஒரே ஒரு இடத்துல மட்டும் இருக்கு. அந்த இடத்துக்குப் பேர் டெவில்ஸ் ஹோல். பேய்க்குழின்னு வச்சுக்கலாம்.

நிலத்தடி நீர் எட்டிப் பார்க்கிற ஜன்னல்

நெவாடாவில், டெத் வேலி பள்ளத்தாக்குக்குக் கிழக்கே, ஆஷ் மெடோஸ் என்ற பகுதியில ஒரு சின்ன மலை. அதன் அடிவாரத்துல பாறை பிளந்து ஒரு வெடிப்பு. இறங்கிப் பார்த்தா கீழே குளம். ஆழம் எவ்வளவுன்னா, முக்குளிப்பவர்கள் 130 மீட்டருக்கும் மேல இறங்கியும் அடி தட்டுப்படல. தண்ணீர் வருஷம் பூரா ஏறக்குறைய 33 டிகிரி வெப்பத்துல இருக்கும். அதுல கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனோ ரொம்பக் குறைவு. பெரும்பாலான மீன்களுக்கு அது ஒத்துவராது.

அந்தப் பகுதி முழுக்க பூமிக்கடியில சுண்ணாம்புப் பாறை. அதன் இடுக்குகள்ல பல மைல் தூரத்துக்குத் தண்ணீர் பரவிக் கிடக்கு. மேலே இருக்கிற பாறை இந்த ஒரு இடத்துல திறந்துக்கிட்டதால, நிலத்தடி நீர்மட்டம் அப்படியே கண்ணுக்குத் தெரியுது. அக்கம்பக்கத்துல எங்கேயோ போர் போட்டு உறிஞ்சினா, இங்கே மட்டம் இறங்குறதைக் கண்ணால பார்க்கலாம். இதை ஞாபகம் வச்சுக்கங்க, கதையே இதுல இருந்துதான் கிளம்பும்.

இவ்வளவு ஆழமான குளத்துல மீனோட வாழ்க்கை நடக்கிற இடம் எதுன்னா, ஓரத்துல இருக்கிற ஒரு பாறைத் திட்டு. ஒரு படுக்கையறை அளவுதான் இருக்கும். அதுக்கு மேல தண்ணீர் கொஞ்சமாத்தான் நிக்கும், வெயில் அங்கேதான் படும். வெயில் பட்டா பாசி வளரும். பாசிதான் மீனுக்குச் சாப்பாடு, முட்டை போடுறதும் அங்கேதான். ஒரு மீனின் ஆயுசு சுமார் ஒரு வருஷம். அப்படின்னா ஒரு வருஷம் அந்தத் திட்டு காய்ஞ்சு போனா, ஒரு தலைமுறையே போச்சு.

1930-ல் ஜோசப் வேல்ஸ் என்ற ஆய்வாளர் இதைத் தனி இனம்னு அறிவியல் உலகத்துக்கு அறிவித்தார். கார்ல் ஹப்ஸ் மாதிரியான மீனியல் அறிஞர்கள் இந்தக் குழியைப் பாதுகாக்கணும்னு அரசாங்கத்தை வற்புறுத்தினார்கள். 1952 ஜனவரி 17-ம் தேதி அதிபர் ட்ரூமன் ஒரு பிரகடனத்துல கையெழுத்துப் போட்டார். குழியும் அதைச் சுத்தி 40 ஏக்கரும் டெத் வேலி தேசிய நினைவிடத்தோட சேர்ந்தது. அந்தப் பிரகடனம் வெறும் நிலத்தை மட்டும் சொல்லி நிறுத்தல. அங்கே ஒரு குளம் இருக்கு, அந்தக் குளத்துல வேறெங்கும் இல்லாத ஒரு மீன் இருக்குன்னும் சேர்த்தே எழுதியிருந்தாங்க. அன்னைக்கு யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல. மீனுக்காகவா சண்டை வரப்போகுது?

மோட்டார் ஓட ஆரம்பிச்சது

1960-களின் கடைசியில கேப்பேர்ட் குடும்பம் ஆஷ் மெடோஸ்ல 12,000 ஏக்கர் பண்ணையை உருவாக்கியது. மாட்டுத் தீவனப் பயிர், கோதுமை, பார்லி, கூடவே 1,700-க்கும் மேற்பட்ட மாடுகள். முதலீடு 70 லட்சம் டாலருக்கும் மேல. எண்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை. ஊரே இல்லாத பாலைவனத்துல இது சின்ன விஷயம் இல்ல. 1968 மார்ச் மாசம் கிணறுகள்ல மோட்டார் ஓட ஆரம்பிச்சது. அதில் ஒரு கிணறு குழியிலிருந்து இரண்டரை மைல் தூரத்துல.

இப்போ நம்ம வாஷருக்கு வருவோம். 1968 வரைக்கும் தண்ணீர் வாஷருக்கு 1.2 அடி கீழே நின்னுக்கிட்டிருந்தது. பருவத்துக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். 1969-ல் அது 2.3 அடி. 1970-ல் 3.17. 1971-ல் 3.48. 1972-ல் 3.93.

நாலு வருஷத்துல ரெண்டே முக்கால் அடி இறக்கம். 130 மீட்டருக்கு மேல ஆழம் இருக்கிற குளத்துல இது ஒரு பொருட்டான்னு கேட்கலாம். ஆனா திட்டு மேல நிக்கிறதே கொஞ்சம் தண்ணீர்தானே? மட்டம் வாஷருக்கு 3 அடி கீழே வரைக்கும் இருந்தா, திட்டோட பெரும்பகுதி தண்ணிக்குள்ள இருக்கும். அதுக்கும் கீழே இறங்கினா பாறை வெளியே தெரிய ஆரம்பிச்சிடும். பாசி காயும், முட்டை போட இடம் சுருங்கும்.

இந்த மீன் 1967-லயே அமெரிக்காவோட முதல் அழிவாபத்துப் பட்டியல்ல இடம் பிடிச்சிருந்தது. ஆனா அந்தக் காலச் சட்டத்துக்குப் பல் கிடையாது. பட்டியல்ல பேர் இருக்குங்கிறதுக்காக பக்கத்து நிலத்து மோட்டாரை நிறுத்தச் சொல்ல முடியாது. அதிகாரிகள் தங்களால ஆனதைச் செஞ்சு பார்த்தாங்க. குளத்துக்குள்ள செயற்கைத் திட்டு கட்டித் தொங்கவிட்டு விளக்குப் போட்டாங்க. வேற ஊற்றுகளுக்கு மீன்களை மாத்திப் பார்த்தாங்க, அங்கே நிலைக்கல. ஹூவர் அணைக்குக் கீழே தனியா ஒரு தொட்டி கட்டி அதுல விட்டாங்க. அங்கே பிழைச்சது, ஆனா உடம்பு பெருசாகி உருவமே மாற ஆரம்பிச்சது. இனத்தைக் காப்பாத்தணும்னா குழியைத்தான் காப்பாத்தணும்னு புரிஞ்சது.

அதே காலத்துல, வேற ரெண்டு ஊற்றுகள்

மத்த பப்ஃபிஷ்களுக்கு அந்தச் சமயத்துல என்ன நடந்ததுன்னு பார்த்தா, இந்த வழக்கு ஏன் முக்கியம்னு புரியும்.

கலிபோர்னியாவில் டெகோபா என்ற இடத்துல வெந்நீர் ஊற்றுகள். அங்கேயும் ஒரு பப்ஃபிஷ் இருந்தது. குளிக்க வர்றவங்களுக்காகக் குளியல் கட்டடங்களைப் பெருசாக்கினாங்க. ஊற்றுகளோட வாய்க்கால்களை மாத்தி ஒண்ணாச் சேர்த்தாங்க. தண்ணீர் வேகமும் சூடும் அந்த மீனுக்குத் தாங்கல. 1982-ல் அமெரிக்கப் பட்டியலிலிருந்து அதோட பேரை எடுத்தாங்க. காரணம், அந்த இனமே இல்ல. அழிஞ்சுபோச்சுங்கிற காரணத்துக்காக அந்தப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட முதல் உயிரினம் அதுதான். யாரும் அதைக் கொல்லணும்னு நினைக்கல. குளிக்க வந்தாங்க, அவ்வளவுதான்.

இன்னொண்ணு ஓவன்ஸ் பப்ஃபிஷ். அழிஞ்சே போச்சுன்னு நினைச்சிருந்த இனத்தை, 1964-ல் பிஷ் ஸ்லூ என்ற சதுப்பு நிலத்துல மறுபடி கண்டுபிடிச்சாங்க. 1969 ஆகஸ்ட்ல அந்தக் குட்டை வத்திக்கிட்டிருந்தது. கலிபோர்னியா மாநில மீன்வளத் துறையில இருந்த பில் பிஸ்டர் ஓடினார். எஞ்சியிருந்த எண்ணூறு மீன்களைப் பிடிச்சு, ரெண்டு பக்கெட்ல போட்டுத் தூக்கிக்கிட்டு வேற தண்ணிக்கு நடந்தார். உலகத்துல இருந்த மொத்த இனமும் அந்த ரெண்டு பக்கெட்ல. இடறி விழுந்திருந்தா முடிஞ்சது கதை. அந்த இனம் இன்னைக்கும் இருக்கு. அதே 1969-ல் பிஸ்டர் மாதிரியான ஆட்கள் சேர்ந்து பாலைவன மீன்களுக்காகவே ஒரு கவுன்சில் தொடங்கினாங்க. பேய்க்குழியோட பிரச்சினை அவங்க முதல் கூட்டத்துலயே இருந்தது.

கொல்லு, காப்பாத்து

1970-ல் கேப்பேர்ட் தரப்பு நெவாடா மாநிலத்தின் நீர்ப் பொறியாளர்கிட்ட அனுமதி கேட்டுப் போனது. தேசியப் பூங்காத் துறை எதிர்ப்புத் தெரிவித்தது. பொறியாளர் கேட்ட கேள்வி நியாயமானதுதான்: மத்திய அரசுக்கு இந்தத் தண்ணீர் மேல உரிமை இருக்குன்னு மாநிலப் பதிவேட்டுல எங்கே இருக்கு? எங்கேயும் இல்ல. பொருளாதார வளர்ச்சி பொதுநலன்தான்னு சொல்லி அனுமதி கொடுத்துட்டார்.

1971 ஆகஸ்ட்ல மத்திய அரசு நீதிமன்றம் போனது. நெவாடா மாநிலம் பண்ணை பக்கம் நின்னது. ஊருக்குள்ள சூடு ஏறியது. கார் பம்பர்ல ரெண்டு வகை ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டு ஜனங்க ஓட்டினாங்க. ஒண்ணு ‘பப்ஃபிஷ்ஷைக் காப்பாத்து’. இன்னொண்ணு ‘பப்ஃபிஷ்ஷைக் கொல்லு’. நெவாடாவின் ஒரு பத்திரிகை ஆசிரியர், குளத்துல மீன் கொல்லி மருந்தைக் கொட்டிட்டா பிரச்சினையே தீர்ந்துடும்ங்கிற அளவுக்குப் போனார்.

‘கொல்லு’ ஸ்டிக்கர் ஒட்டினவங்களை வில்லன்னு சொல்லித் தாண்டிப் போயிட வேண்டாம். பண்ணையில சம்பளம் வாங்குற எண்பது பேருக்கு, எங்கேயோ இருக்கிற தலைநகரத்திலிருந்து ஒருத்தன் வந்து, ஒரு இஞ்ச் மீனுக்காக உன் மோட்டாரை நிறுத்துன்னு சொன்னா எப்படி இருக்கும்? ‘நிலம் என்னுது, கிணறு என்னுது’ங்கிற வாதம் நமக்கும் புதுசு இல்ல. நம்ம தெருவுல பக்கத்து வீட்டுக்காரர் ஆயிரம் அடிக்குப் போர் போட்டா, நம்ம கிணறு வத்தினாலும் அவரைக் கேள்வி கேட்க முடியுதா?

ஒன்பதுக்கு ஒன்பது

1973-ல் கீழ் நீதிமன்றம் தண்ணீர் எடுக்கிறதுக்குக் கட்டுப்பாடு விதிச்சது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சது. 1976 ஜூன் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒன்பது நீதிபதிகளும் ஒரே பக்கம். எழுதினவர் தலைமை நீதிபதி வாரன் பர்கர்.

இன்னைக்குப் பலர் இதை அழிவாபத்து உயிரினச் சட்டத்தோட வெற்றின்னு சொல்றாங்க. ஆனா தீர்ப்பு அந்தச் சட்டத்து மேல நிக்கல. அந்த வலுவான சட்டம் வந்ததே 1973 டிசம்பர்ல, வழக்கு தொடங்கி ரெண்டு வருஷம் கழிச்சு. நீதிமன்றம் கையில எடுத்தது ட்ரூமன் கையெழுத்துப் போட்ட 1952-ம் வருஷத்துக் காகிதத்தை.

வாதம் இதுதான். அரசு ஒரு நிலத்தை ஒரு நோக்கத்துக்காக ஒதுக்கினா, அந்த நோக்கம் நிறைவேறத் தேவையான தண்ணீரும் அன்னைக்கே சேர்ந்து ஒதுக்கப்பட்டதா அர்த்தம். 1908-லிருந்து அமெரிக்காவில் இருக்கிற கோட்பாடு இது. பழங்குடி மக்களுக்கு ஒதுக்கிய நிலம் சம்பந்தப்பட்ட வழக்குல பிறந்தது. நிலத்தைக் கொடுத்துட்டு தண்ணியைக் கொடுக்கலைன்னா, நிலத்துக்கு என்ன மதிப்பு? 1952 பிரகடனம் குளத்தையும் மீனையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கு. அதனால அந்த மீன் வாழத் தேவையான தண்ணீர் 1952 ஜனவரி 17 முதல் ஒதுக்கப்பட்டது. மேற்கு அமெரிக்காவில் தண்ணீருக்கு முதல்ல வந்தவருக்கே முதல் உரிமை. பண்ணை மோட்டார் போட்டது 1968-ல். மீனுக்காக ஒதுக்கினது அதுக்குப் பதினாறு வருஷம் முன்னாடி.

‘அந்தக் கோட்பாடு ஆறு, ஏரிக்குத்தானே, எங்க கிணத்துக்கு எப்படி?’ன்னு பண்ணை கேட்டது. குளத்துல இருக்கிறது மேற்பரப்பு நீர்தான், அதைக் குறைக்கிறது ஆத்து வாய்க்காலா இருந்தாலும் சரி, ஆழ்துளைக் கிணறா இருந்தாலும் சரி, தடுக்கலாம்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. நிலத்துக்கு மேல ஓடுற தண்ணியும் அடியில ஓடுற தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு தொடர்புள்ளதுன்னு சட்டம் ஒத்துக்கிட்ட இடம் அது.

ஆனா நீதிமன்றம் மோட்டாரை மொத்தமா நிறுத்தச் சொல்லல. நோக்கத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு தண்ணிக்குத்தான் உரிமை, அதுக்கு மேல இல்ல. அப்போ ‘எவ்வளவு’ன்னு எப்படிச் சொல்றது? இங்கேதான் வாஷர் வருது. 1962-லிருந்து யாரோ மெனக்கெட்டு அளந்து எழுதி வச்ச எண்கள் இல்லைன்னா, ‘தண்ணி குறைஞ்சுது’, ‘குறையல’ன்னு ரெண்டு பக்கமும் காலம் முழுக்க வாதாடிக்கிட்டே இருந்திருக்கலாம். எந்தத் தேதியிலிருந்து, எத்தனை அடி இறங்கியதுன்னு காட்ட முடிஞ்சது. பிறகு கீழ் நீதிமன்றம் எல்லையை வகுத்தது: வாஷருக்கு 2.7 அடிக்குக் கீழே தண்ணீர் போகக் கூடாது.

ஜெயிச்ச பிறகு

பண்ணை கைமாறியது. வாங்கின நிறுவனம் அந்தப் பாலைவனத்துல ஆயிரக்கணக்கான வீடுகளோட ஒரு நகரம் கட்டத் திட்டம் போட்டது. கடைசியில 1984-ல் நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு அந்த நிலத்தை வாங்கி அரசிடம் ஒப்படைக்க, ஆஷ் மெடோஸ் தேசிய வனவிலங்குப் புகலிடம் உருவானது. ஒரு மீனுக்காகத் தொடங்கின சண்டை, வேறெங்கும் இல்லாத இருபதுக்கும் மேற்பட்ட உயிரினங்களுக்கு வீடு வாங்கிக் கொடுத்தது.

இதோட சுபம் போட்டுட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா தண்ணீர் மட்டம் 1968-க்கு முந்தைய 1.2 அடிக்கு இன்னும் திரும்பல. 2013 வசந்த காலத்துல முக்குளிச்சு எண்ணிப் பார்த்தப்ப 35 மீன்கள்தான். உலகத்துல மொத்தமே 35. அதே வருஷம் பக்கத்துலேயே குழியின் நகல் மாதிரி ஒரு லட்சம் கேலன் கொள்ளளவுள்ள தொட்டி கட்டி, அதுல ஒரு துணைக் கூட்டத்தை வளர்க்க ஆரம்பிச்சாங்க. 2016-ல் மூணு பேர் வேலி ஏறிக் குதிச்சு, துப்பாக்கியால சுட்டு, குளத்துக்குள்ள இறங்கிக் கும்மாளம் போட்டாங்க. ஒரு மீன் செத்துக் கிடந்தது. ஒருத்தருக்கு ஒரு வருஷத்துக்கு மேல சிறைத் தண்டனை கிடைச்சது.

இயற்கையும் சும்மா இருக்கல. 2022 செப்டம்பர்ல மெக்சிகோவில் 7.6 அளவு நிலநடுக்கம். இருபத்திரண்டு நிமிஷம் கழிச்சு, ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால இருக்கிற இந்தக் குளத்துல நாலு அடி உயரத்துக்கு அலை எழும்பியது. அதையும் மீன்கள் தாங்கின, 2024 இலையுதிர் காலத்துல எண்ணிக்கை 212. அப்புறம் 2024 டிசம்பர்லயும் 2025 பிப்ரவரியிலயும் வந்த நிலநடுக்கங்கள் திட்டு மேல இருந்த பாசியையும் முட்டைகளையும் அடிச்சுக்கிட்டுப் போச்சு. பிப்ரவரியில எண்ணினப்ப 20. வசந்த காலக் கணக்குல 38. நகல் தொட்டியில வளர்ந்த மீன்கள்ல சிலதைக் கொண்டுவந்து குழியில விட்டாங்க.

நிலநடுக்கத்து மேல வழக்குப் போட முடியாது. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த அலைகள் அடிச்சப்ப, திட்டு மேல தண்ணீர் இருந்தது. 1972-ல இருந்த மட்டத்துல, பாதி காய்ஞ்ச திட்டுல, எஞ்சியிருந்த கொஞ்ச நஞ்ச மீன் மேல இந்த அலை வந்திருந்தா எண்ணுறதுக்கு ஒண்ணும் மிஞ்சியிருக்காது. தீர்ப்பு மீனைக் காப்பாத்தி முடிக்கல. அடுத்த கஷ்டம் வரும்போது தாங்குறதுக்கு ஒரு திட்டும் கொஞ்சம் தண்ணியும் மிச்சம் வச்சிருக்கு.

டெகோபா மீனுக்கு யாரும் வாஷர் பொருத்தல. அதுக்காக யாரும் ஒரு வரி எழுதி வைக்கவும் இல்ல. பேய்க்குழி மீனுக்கு, சண்டை வரும்னு தெரியாத காலத்துலயே ரெண்டையும் யாரோ செஞ்சு வச்சிருந்தாங்க. எண்ணுற வேலை இன்னைக்கும் தொடருது. வசந்த காலத்துல ஒரு தடவை, இலையுதிர் காலத்துல ஒரு தடவை, ஆட்கள் குகைக்குள்ள இறங்கி ஒவ்வொரு மீனா எண்ணி எழுதிக்கிட்டு மேலே வர்றாங்க.

உங்க ஊர்ல கிணத்து மட்டத்தை யாராவது அளந்து எழுதி வச்சிருக்காங்களா? இருந்தா எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.